உப்பு வாசம்

மாசிலாமணி மடத்தில் சேர்ந்த மறுவாரமே பல்லி மாதிரிக் கத்தினான். பூஜையில் இருந்த மடத்துத் தலைவர் சாமியே சகுனம் பார்க்க நிமிர்ந்தார். அப்புறம் பால்காரர், பூக்காரம்மா, தும்மலுக்கு நடுவே பேசும் தோட்டக்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. மடமே விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் யாரைப் போலப் பேசினானோ அவர் மட்டும், மற்றவர்கள் குரலெல்லாம் அச்சு அசல், என் குரல்தான் உனக்கு வரவில்லை என்பார். மடைப்பள்ளி ஏகாம்பரமும் அதைத்தான் சொல்லியிருந்தார்.

ஏகாம்பரம் நாற்பது வருஷமாக நைவேத்தியம் சமைப்பவர். படைக்கும் முன் நாக்கில் வைக்கக் கூடாது. ஆவியை முகர்ந்தே உப்புப் பார்ப்பார். தப்பியதில்லை.

ஒரு பிரதோஷத்தன்று பொங்கலுக்கு உப்புப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். மாசிலாமணி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, அவர் குரலில், "சடையா, உப்பு போட்டுடு" என்றான். உதவியாள் சடையப்பன் ஒரு கை அள்ளிப் போட்டான்.

திரும்பி வந்தவர் பானையருகே குனிந்ததுமே, உப்பு கூடிப்போச்சே என்றார்.

"நீங்கதானே ஐயா இப்போ போடச் சொன்னீங்க."

"நானா?"

அவர் பொங்கலைக் கொட்டிவிட்டு மறுபடி உலை வைத்தார். பூஜை தாமதமானது. யாரும் திட்டவில்லை. சுவருக்குப் பின்னால் மாசிலாமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான்.

விடிந்ததும் ஏகாம்பரம் மடைப்பள்ளிச் சாவியைச் சாமி முன் வைத்தார். சொன்னது நினைவில் நிற்காத ஆள் அடுப்படியில் நிற்கக் கூடாது என்றார். மாசிலாமணி குளித்துவிட்டு வருவதற்குள் ஆற்றைக் கடந்து மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு மாதம் உண்மையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பிறகு சடையப்பன் சேதி கொண்டுவந்தான். சாப்பிட்ட கை காயும் முன்னே, நான் சாப்பிட்டேனா என்று ஏகாம்பரம் மகளைக் கேட்கிறாராம்.

அன்றே மாசிலாமணி ஓடிப்போய் அவர் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னான். அவர் நம்பவில்லை. அவர் குரலிலேயே பேசிக் காட்டினான். உள்ளே இருந்த மகள் வடிவு, என்னப்பா வேணும் என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தாள்.

ஏகாம்பரம் மட்டும், "இது யார் குரல் தம்பி?" என்றார்.

"உங்க குரல்தான் ஐயா."

அவர் அவன் தலையைத் தடவினார். "என் மனசு ஆறணும்னு இவ்வளவு தூரம் வந்து பொய் சொல்றே. நல்லா இரு."

மாசிலாமணி மடத்துக்குத் திரும்பி, முதல் தடவையாகச் சாமியிடம் நடந்ததைச் சொன்னான். ஊருக்கே தெரிகிற குரல் அவருக்கு மட்டும் தெரியவில்லையே என்று அழுதான்.

சாமி கேட்டார். "அவர் காதை விடு. அன்றைக்கு அவர் மூக்கு என்ன சொன்னது?"

"உப்பு கூடிவிட்டது என்று."

"கூடியிருந்ததா?"

"கூடித்தான் இருந்தது சாமி."

"உப்பைக் கூட்டிப் போட்டு ஒரு சட்டி பொங்கல் செய். சூடு ஆறாமல் கொண்டுபோய்க் கொடு. ஒன்றும் சொல்லாதே."

மறுநாள் கொண்டுபோனான். சாயங்காலம் வந்து சாமி முன் நின்றான்.

"முகர்ந்தாரா?"

"சட்டி மூடியைத் திறந்ததுமே சொல்லிவிட்டார் சாமி. உப்பு கூடிப்போச்சு என்று."

"பிறகென்ன?"



"மகளைக் கூப்பிட்டார். சட்டியை அவளிடம் நீட்டினார். 'உப்பு கூடத்தானேம்மா?' என்று கேட்டார்."

சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"நாளைக்கும் கொண்டு போ."

"எத்தனை நாள் சாமி?"

"மகளைக் கேட்காமல் அவரே சொல்கிற வரை. நாற்பது வருஷம் அவர் யாரையும் கேட்டதில்லை" என்றார் சாமி.