முரசு சொல்லாத பாதி

நெல்லும் கரும்பும் போட்டி போட்டு வளர்ந்த மருதநாட்டை, வெகுகாலத்துக்கு முன்னே பூங்கோதை என்றோர் அரசி ஆண்டு வந்தாள், கேளுங்கள். அவள் பாட்டனார் காலத்தில் வழிப்பறி இல்லாத பாதை கிடையாது. பஞ்சம் பார்க்காத தலைமுறை கிடையாது. காய்ச்சலுக்குப் பிள்ளையைப் பறிகொடுக்காத வீடு கிடையாது. அரசி ஏரி வெட்டினாள், வைத்தியர்களை அமர்த்தினாள், கள்வரை ஒடுக்கினாள். நாடு நிமிர்ந்தது.

ஆனாலும் ஜனங்கள் "காலம் கெட்டுப் போச்சு" என்று பெருமூச்சு விட்டபடியே இருந்தார்கள்.

அந்த நாட்டில் முரசு அறைபவன் சேந்தன். எங்கே தீங்கு நடந்தாலும் ஊர் ஊராகப் போய் எச்சரிப்பது அவன் வேலை. முன்பெல்லாம் பஞ்சத்துக்கும் படையெடுப்புக்கும் மட்டுமே முழங்கிய முரசு அது. அவை ஒழிந்த பின் சும்மா உட்கார்ந்திருக்க அவனுக்கு மனம் வரவில்லை. வேம்பூரில் ஓர் அண்டா களவு போனால் முழக்கினான். நாவலூரில் சிறுத்தை தலைகாட்டினால் முழக்கினான். புன்னையூரில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அதையும் முழக்கினான். கணீரென்ற குரல் வேறு!

ஒருநாள் அவன் வீடு திரும்பியபோது, மனைவி குவளை சட்டிபானைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்கே கிளம்பிவிட்டாய்?"

"ஆற்றுக்கு அக்கரை. இந்த நாட்டில் மனுஷர் இருக்க முடியுமா?"

"நமக்கு என்ன குறை வந்தது?"

"நமக்கு ஒரு குறையுமில்லை. நாடுதான் நாசமாய்ப் போகிறதே! தினமும் நீங்கள்தானே சொல்கிறீர்கள்?"

சேந்தன் முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியின் பின்னாலேயே நடந்தான்.

ஆற்றுத்துறையில் மூன்று ஊர் வண்டிகளும் வரிசை கட்டி நின்றன. நாற்று நட வேண்டிய மாதம் அது. இவர்கள் போய்விட்டால் அந்த வருஷம் நாட்டுக்குச் சோறில்லை.

"ஏன் போகிறீர்கள்?" என்று பதறினான் சேந்தன்.

"எங்கள் ஊர் நன்றாகத்தான் இருக்கிறது. நாவலூர்ச் சிறுத்தைக்குப் பயந்துதான்" என்றார்கள் வேம்பூர்க்காரர்கள்.

"அதை அன்றைக்கே காட்டுக்குள் விரட்டிவிட்டோமே!" என்று சிரித்தார்கள் நாவலூர்க்காரர்கள். "எங்களுக்குப் புன்னையூர்க் காய்ச்சல்தான் பயம்."

புன்னையூர்த் தாய் ஒருத்தி இடுப்பில் துள்ளிய குழந்தையைக் காட்டினாள். "காய்ச்சலா? இவனை இப்போது பிடித்து நிறுத்த முடியவில்லை. வேம்பூர்த் திருட்டைக் கேட்டுத்தான் நாங்கள் கிளம்பினோம்."

"அண்டா அன்று சாயங்காலமே கிடைத்துவிட்டது" என்றாள் அதைப் பறிகொடுத்த வேம்பூர்க்காரி, அண்டாவின் மேலேயே உட்கார்ந்துகொண்டு. "அதற்கு யார் முரசு கொட்டினார்கள்?"

எல்லோரும் சேந்தனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தலை குனிந்தான். பொய் ஒன்றும் அவன் சொன்னதில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருந்தான்.

வண்டி மேல் ஏறினான். முரசை ஓங்கி அறைந்தான்.

"அண்டா கிடைத்தது! சிறுத்தை ஓடியது! குழந்தை பிழைத்தது!"

துறையே சிரித்தது. வண்டிகள் ஒவ்வொன்றாய்த் திரும்பின. ஓடக்காரர் மட்டும் முணுமுணுத்தார்.

திரும்பும் வழியில் குவளை சொன்னாள்: "அதற்காகச் சிறுத்தை வந்தால் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். அது போன பிறகு, போய்விட்டது என்றும் வந்து சொல்லுங்கள்."

செய்தி கேட்ட அரசி அதையே ஆணையாக்கினாள். அந்த வருஷம் மருதநாட்டில் களம் கொள்ளாத விளைச்சல்.

கெடுதல் சத்தம் போட்டு வரும், நன்மை ஓசையில்லாமல் வளரும். ஆகையால் காதில் விழுவதை மட்டும் வைத்து உலகத்தை எடைபோடக் கூடாது.