இத்துப்போகாத சரிகை

ஒரு ஊர்ல, நம்ம ஊர் இல்ல, மேற்கால கடலெல்லாம் தாண்டி அயர்லாந்துன்னு ஒரு தேசம், அங்க ஒரு ஊர்ல, மியூரின்னு ஒருத்தி இருந்தா. அவளுக்கு ஆடு மூணு, பொண்ணு ஒண்ணு. பொண்ணு பேரு எத்னா. அந்த ஊர்ல எப்பப் பாத்தாலும் தூத்தல், எங்க பாத்தாலும் பச்சை. காலைல எந்திரிச்சு வெளிய வந்தா, பனி வந்து வேலியெல்லாம் முழுங்கிட்டு, ஆட்டுத் தலை மட்டும் தனியா மிதக்கும்.

ஊருக்கு வெளிய ஒரு மேடு. ரொம்பக் காலத்துக்கு முன்னாடி சாமியாருங்க வந்து, சுண்ணாம்பும் இல்லாம மண்ணும் இல்லாம வெறுங்கல்லா அடுக்கி, நெல்லு கொட்டி வைக்கிற குதிர் மாதிரி உருண்டை உருண்டையா குடிசை கட்டினாங்க. அதுல பாதி இடிஞ்சு போச்சு. மிச்சம் நின்ன ஒண்ணுல ஓரன்னு ஒரு கிழட்டுச் சாமியார் மட்டும் இருந்தாரு. குடிசைக்குக் கீழ ஒரு ஊத்துக் கிணறு. எட்டிப் பாத்தா தலை சுத்துமே, அந்த மாதிரி கிணறு இல்ல, முழங்கால் ஆழந்தான். அதுக்குள்ள ஒரே ஒரு மீனு. அது எல்லார் கண்ணுலயும் படாது. யாருக்கு நோய் தீருதோ அவங்க கண்ணுல மட்டுந்தான் படும். கிணத்து மேல ஒரு முள்ளு மரம், வெள்ளையா பூத்து, பூவெல்லாம் தண்ணில விழுந்து சுத்திகிட்டே இருக்கும். அந்த மரம் பூராவும் துணி.

ஏன் துணின்னு கேளுங்களேன். ஊமையா உக்காந்தா நான் யாருக்குக் கதை சொல்றது?

நோய்க்காரங்க விடியக்காலைல வந்து, சூரியன் போற பக்கமாவே, நாம கோயில்ல வலம் வர்ற மாதிரியேதான், மூணு சுத்து சுத்தணும். அந்தத் தண்ணிய நோவுற எடத்துல தடவணும். அப்புறம் உடுத்தின துணில ஒரு கிழிசல நனைச்சு மரத்துல கட்டிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிடணும். நோய் துணிக்குள்ள போயிடும். துணி இத்துப்போக இத்துப்போக நோயும் இத்துப்போகும். அதனால எவ்வளவு பழந்துணியோ அவ்வளவு நல்லது. ஒருத்தர் கட்டினத இன்னொருத்தர் அவுக்கக் கூடாது. அவுத்தா அந்த நோய் அவுத்தவங்களுக்கு. இது ஊர்ல பால் குடிக்கிற புள்ளைக்கும் தெரியும்.

எத்னாவுக்குப் பத்து வயசுல ரெண்டு கண்ணுலயும் பூ விழுந்துடுச்சு. பெத்தவ முகம்கூட பனிக்குள்ள நிக்கிற மாதிரிதான் தெரிஞ்சுது. இன்னும் கொஞ்ச நாள் போனா அதுவும் தெரியாது. மியூரின் அழுதுகிட்டே அவளைக் கூட்டிட்டு வந்து, ஒரு சுத்து சுத்தி, ரெண்டு சுத்து சுத்தி, மூணு சுத்து சுத்தி, கண்ணைக் கழுவி, புள்ளையோட சட்டைல நைஞ்சு நூலா நின்ன ஓரத்தக் கிழிச்சுக் கட்டினா. ஓரன் சாமியார் பாத்துட்டு, ரொம்ப நல்ல துணி, ஒரு மழைக்காலம் தாங்காதுன்னு சிரிச்சாரு.

இப்படியிருக்க, அந்தச் சீமைக்கு ஒரு ராஜா இருந்தான், லோர்கன்னு. ராஜான்னாலும் குட்டி ராஜாதான். அவனுக்கும் மேல ஒரு பெரிய ராஜா உண்டு. அந்தப் பெரிய ராஜா விருந்துக்கு வர்றாருன்னு சேதி வந்ததும் இவனுக்குக் கால் தரைல பாவல. ரோட்டைக் கூட்டு, ஆட்டைக் குளிப்பாட்டுன்னு ஊரையே படுத்தி எடுத்துட்டு, கடைசியா இந்த மரத்துகிட்ட வந்து நின்னான். என் நாட்டுல இத்தனை சீக்காளிங்களான்னு பெரிய ராஜா நெனைச்சுட மாட்டாரா, எல்லாத்தையும் பிடுங்குங்கன்னான். சேவகனைக் கூப்பிட்டான், அவன் முடியாதுன்னான். தச்சனைக் கூப்பிட்டான், அவன் முடியாதுன்னான். மாட்டுக்காரனைக் கூப்பிட்டான், அவன் மாட்டை ஓட்டிகிட்டே போயிட்டான்.

மியூரின் ஓடி வந்து ராஜா கால்ல விழுந்தா. "ராஜாவே, எல்லாத்தையும் எடுத்துக்க. இந்த ஒண்ண விட்டுடு. கட்டி மூணு நாள்தான் ஆகுது. எம்பொண்ணு கண்ணு அதுலதான் இருக்கு."

கேட்டானா? மடப்பய, கேக்கல. தானே கைய நீட்டி முதல் துணியப் பிடுங்கினான். அது அரண்மனைச் சமையக்காரியோட பல்வலி. அங்க அவ முனகுறத நிறுத்தினா, இங்க இவன் கன்னத்தப் பிடிச்சுகிட்டான். வீம்புக்கு ரெண்டாவதப் பிடுங்கினான். அது ஒரு ஆட்டுக்காரனோட முழங்கால் நோவு. கால் மடங்கிப் போச்சு. மரத்துல சாஞ்சுகிட்டே மூணாவதா எத்னா துணிய இழுத்தான். அவ்வளவுதான், கண்ணு முன்னாடி பால் ஊத்தின மாதிரி எல்லாம் வெள்ளையா ஆயிடுச்சு.

அப்ப கிணத்தங்கரைல உக்காந்திருந்த எத்னா மெதுவா சொன்னா. "அம்மா, தண்ணிக்குள்ள மீனு போகுது."

மியூரின் அவளைக் கட்டிப் பிடிச்சுகிட்டு அப்படி அழுதா.

ராஜா சும்மா இருப்பானா? உங்க நோய நீங்களே வாங்கிக்கங்கன்னு தடவித் தடவி வந்தான். மியூரின் புள்ளைய முதுகுக்குப் பின்னாடி மறைச்சுகிட்டா. ஓரன் சாமியார் குனிஞ்சு குடிசைய விட்டு வெளிய வந்து, கையால எடுத்தத அப்படித் திருப்பித் தர முடியாதுப்பா, எல்லாரையும் போல நீயும் வலம் வா, இருக்கிறதுலயே பழசா ஒரு துணி கட்டுன்னாரு. ராஜாகிட்ட பழந்துணி ஏது? எத்னா தன் சட்டைல இன்னொரு ஓரத்தக் கிழிச்சு அவன் கைல வச்சா. "இதக் கட்டுங்க ராஜா, சீக்கிரம் இத்துப்போயிடும்."

அவன் அத ரெண்டு விரலால தடவிப் பாத்தான். "பிச்சைக்காரி துணியா? ராஜா நோய்க்கு ராஜா துணிதான் கட்டணும்." கத்திய எடுத்துத் தன் சால்வைல தங்கச் சரிகை அடர்த்தியா ஓடின பக்கமாப் பாத்து ஒரு துண்டு வெட்டினான். எத்னாதான் பாவம், அவன் கையப் பிடிச்சு மூணு சுத்தும் கூட்டிட்டு வந்தா. துணியக் கட்டிட்டுப் போனான்.

ஒரு மழைக்காலம் போச்சு, ரெண்டு போச்சு, மூணு போச்சு. நூலெல்லாம் எப்பவோ இத்துப் போச்சு. தங்கம் இத்துப்போகுமா?

வருஷா வருஷம் மரம் பூக்கிறப்ப, பனிக்குள்ளேருந்து கன்னத்தப் பிடிச்சுகிட்டு நொண்டி நொண்டி அந்த ராஜா வருவான். வந்து கேப்பான், "போயிடுச்சா?"

எத்னா அண்ணாந்து பாத்துட்டுச் சொல்லுவா. "இல்லீங்க ராஜா, மின்னுது. அத நீங்களே அவுத்துட்டு இதக் கட்டுங்களேன்." கைல ஒரு கந்தைய ஒவ்வொரு வருஷமும் தயாரா வச்சிருப்பா.

"ராஜா கட்டினத ராஜாவே அவுக்கிறதா?" திரும்பிப் பனிக்குள்ள நடந்துடுவான்.

அவனைக் கண்ணு தெரியாமப் பண்ணது நோய் இல்ல, வீம்பு. நாளைக்குப் பழைய பாவாடை வேண்டாம்னு உங்கள்ல எவளாவது அழுதா இந்த ராஜாவைத்தான் கூப்பிடுவேன். சரிகை அங்க மின்னிகிட்டு இருக்கு, கதை இங்க இத்துப்போச்சு.