செம்பருத்திக்கு வந்த காவல்

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் கல்லாண்டி என்று ஓர் ஆமை இருந்தது. கோடையில் கரைப்புல் காய்ந்துவிட்டால் அதற்குப் பட்டினிதான். ஒருநாள், மான் ஒன்று ஒடித்துப் போட்ட செம்பருத்திக் குச்சி அதன் கண்ணில் பட்டது.

செம்பருத்தி காலையில் விரியும், மறுநாளுக்குள் வாடி உதிர்ந்துவிடும். உதிர்ந்த பூவைத் தின்ன மரம் ஏறத் தெரிய வேண்டியதில்லை. கல்லாண்டிக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

தண்ணீர் தேங்காத மேட்டில், வெயில் விழும் இடமாகப் பார்த்துக் குச்சியை ஊன்றியது. தினமும் குளத்தில் முங்கி எழுந்து, ஈரம் சொட்டச் சொட்ட வந்து குச்சியின் அடியில் நிற்கும். குச்சி வேர் பிடித்துத் தளிர் விட்டது. மண் காயாமல் இருக்கச் சருகை இழுத்து வந்து அடியில் பரப்பியது. செடி புதராகி மொட்டு வைத்தது.

அப்போதுதான் கட்டையன் என்ற எறும்பு தன் கூட்டத்தோடு வந்தது.

“அண்ணே! இவ்வளவு நல்ல செடியைக் காவல் இல்லாமல் விட்டிருக்கிறீர்களே!”

“காவலுக்கு என்ன கேட்பாய்?”

“ஒன்றும் வேண்டாம்! செடிமேல் குடியிருக்க விட்டால் போதும்!”

கல்லாண்டியின் கழுத்து கிளை நுனிவரை நிமிராது. மேலே பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தது நல்லதுதான் என்று சம்மதித்தது.

மறுநாளே சண்டை. ஒரு பொறிவண்டை எறும்புகள் கடித்துக் கீழே தள்ளின.

“திருடன்!” என்றது கட்டையன்.

“நான் இலையைத் தொடவே மாட்டேன்!” என்றது பொறிவண்டு. “கிளை நுனியில் மாவுப்பூச்சி வந்திருக்கிறது. அதைத் தின்னத்தான் வந்தேன்!”

“பிடிபட்டவன் எல்லாம் இப்படித்தான் சொல்வான்!”

கல்லாண்டி யோசித்துப் பார்த்தது. காவல் சுறுசுறுப்பாக நடப்பதாகவே அதற்குத் தோன்றியது. “இந்தப் பக்கம் வராதே,” என்று பொறிவண்டை அனுப்பிவிட்டது.

கோடை வந்தது. புல் காய்ந்தது. செம்பருத்தி மொட்டுகள் மஞ்சளாகி, விரியாமலே உதிர்ந்தன. இலைகள் சுருண்டன.

“திருடர்கள் அதிகம், அண்ணே! காவலைக் கூட்ட வேண்டும்!” என்ற கட்டையன் இன்னும் எறும்புகளைக் கூட்டி வந்தது. மொட்டுகள் இன்னும் உதிர்ந்தன. கல்லாண்டி பசியோடு அவற்றை மென்றது. நன்றாக இல்லை.

ஒருநாள் காலை, தேன் தேடி வந்த தேன்சிட்டு கிளையில் உட்கார்ந்துவிட்டுச் சட்டென்று எழுந்தது.

“நுனியெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல் பூச்சி! அது செடியின் சாற்றை உறிஞ்சுகிறது. பூச்சி விடுகிற இனிப்பு நீரை உன் காவல்காரர்கள் நக்கிக் குடிக்கிறார்கள்!”

கல்லாண்டி ஓட்டைக் கொடுத்து ஒரு கிளையைத் தாழ அழுத்தி, தன் கண்ணாலேயே பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. பிறகு செடியைச் சுற்றி, வேரில் படாமல் தள்ளி, பள்ளம் தோண்டத் தொடங்கியது.

“என்ன அண்ணே இது?” என்றது கட்டையன்.

“உங்கள் கோட்டைக்கு அகழி.”

“அப்படியா! தாராளமாகத் தோண்டுங்கள்!”

பள்ளத்தைக் குளத்து நீர்மட்டத்துக்கும் கீழே ஆழமாக்கி, குளத்திலிருந்து வாய்க்கால் வெட்டி அகழியில் தண்ணீர் விட்டது கல்லாண்டி. ஓர் இடத்தில் மட்டும் மண்பாலம் இருந்தது.

“கட்டையா, கோட்டையின் அழகு வெளியே நின்று பார்த்தால்தான் தெரியும். எல்லோரும் வந்து பாருங்கள்!”

எறும்புகள் வரிசையாக இறங்கி, பாலத்தைக் கடந்து வந்து, நிமிர்ந்து பார்த்தன. உண்மையில் அழகாகத்தான் இருந்தது. கல்லாண்டி பாலத்தைத் தோண்டிவிட்டது.

“அண்ணே! நாங்கள் எப்படி உள்ளே போவது?”

“காவல்காரர்கள் வெளியில்தானே நிற்க வேண்டும்?”

எறும்புகள் கோபத்தில் அதன் ஓட்டைக் கடித்தன. ஓடு அதைக் கண்டுகொள்ளவில்லை.

பிறகுதான் கல்லாண்டிக்குக் கஷ்டமான வேலை. பக்கத்துப் புதருக்குப் போய், தலையைப் பாதி உள்ளிழுத்துக்கொண்டு பொறிவண்டிடம் பேசியது.

“நீ சொன்னதை நான் கேட்கவில்லை. தப்பு என்னுடையது. வருகிறாயா?”

“உன்மேல் கோபம்தான்,” என்றது பொறிவண்டு. “ஆனால் பசியும் இருக்கிறது!”

உறவுக்கூட்டத்தோடு பறந்து வந்து, பூச்சிகளைத் தின்று தீர்த்தது. வாடிய கிளை நுனிகளைக் கல்லாண்டி எட்டியவரை கடித்துப் போட்டது. கடித்த இடங்களில் புதுத்தளிர் வந்து, மொட்டு வைத்து, கடைசியில் ஒருநாள் செக்கச்செவேலென்று பூத்தது.

காவலுக்கு வந்தவன் யாரை விரட்டுகிறான் என்று பார்த்தாலே, அவன் யாருக்குக் காவல் இருக்கிறான் என்பது தெரிந்துவிடும்.