காற்றுப் பெட்டியும் கொட்டாவியின் வாலும்

கூடத்து மீன்தொட்டியில் பவளம் என்கிற தங்கமீனும் அதன் கூட்டமும் இருந்தன. தொட்டிக்குப் பின்சுவரில் ஒரு பல்லி இருந்தது. அதற்குப் பேர் கொட்டாவி. மீன்கள் வைத்த பேர்தான். எப்போது பார்த்தாலும் வாயைப் பிளந்துகொண்டு அரைத்தூக்கத்தில் தொங்கினால் வேறென்ன பேர் வைப்பார்கள்?

பாவம், அதன் பிழைப்பு அப்படி. சாயங்காலம் தொட்டி விளக்கைப் போட்டதும் கொசுவும் ஈசலும் மொய்க்கும். விளக்கை அணைக்கும்வரை ஓடி ஓடிப் பிடித்தால்தான் வயிறு நிறையும். தூக்கமெல்லாம் பகலில்தான். அந்தப் பகல் தூக்கத்துக்கும் பவளத்தால் கேடு வந்தது.

தொட்டிக்குக் காற்றுக் கொடுக்க ஒரு மோட்டார் இருந்தது. அது ஓடினால்தான் தண்ணீரில் குமிழி வரும். குமிழி வந்தால்தான் மீன்கள் மூச்சு விடும். ஆனால் அது கடலோர ஊர். காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கரண்ட் போய்விடும். அதற்காக வீட்டுக்காரர் சிவசைலம் இன்னொரு சின்னப் பெட்டியும் வாங்கித் தொட்டிக்குப் பின்னால் மாட்டியிருந்தார். டார்ச் லைட் பேட்டரி போட்ட பெட்டி. கரண்ட் போன உடனே தானாக ஓடிக் காற்றுக் கொடுக்கும்.

"இனிமே கரண்ட்டு போனா என்ன, இருந்தா என்ன? அது பாட்டுக்கு ஓடும்" என்று மனைவி மரகதத்திடம் சொன்னார் சிவசைலம். சொன்னதோடு அப்படி ஒன்று இருப்பதையே மறந்துபோனார்.

ஒருநாள் கரண்ட் போய்ச் சற்று நேரத்தில் வந்துவிட்டது. அதற்குள் அந்தப் பெட்டி ஓடி, தொட்டியின் மறுமூலையிலிருந்து குமிழிகள் சரம் சரமாகக் கிளம்பின. பவளத்துக்கு அதைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. குமிழிக்குள் புகுந்து புறப்பட்டது. செதிலெல்லாம் கூசுகிறது என்று சிரித்தது. மறுநாள் மத்தியானம், மரகதம் கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் கொட்டாவியை எழுப்பியது.

"அந்தப் பெட்டியில ஒரு பொத்தான் இருக்குல்லா? அதை அமுக்கினா கரண்ட்டு இருக்கும்போதே ஓடும். கொஞ்சம் அமுக்கு."

"அது ஆபத்துக்கு வச்சது. சும்மா ஓட்டுனா பேட்டரி தீந்துரும்."

"ரொம்பத்தான் பேசாத. எங்க விளக்குலதான நீ கொசு பிடிச்சுத் திங்குற?"

விளக்கு பவளத்தின் அப்பன் வீட்டுச் சொத்தா என்ன? கொட்டாவிக்குப் பதில் தெரியும். ஆனால் பதில் சொன்னால் பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தால் தூக்கம் போகும். சரி, ஒரு தடவைதானே என்று சுவரிலிருந்து பொத்தான் மேல் குதித்தது. பெட்டி ஓடியது. மரகதம் காபி போட எழுந்திருக்கும் முன்னால் மறுபடி குதித்து அதை நிறுத்தவும் வேண்டியிருந்தது.

அந்த ஒரு தடவை தினசரி வழக்கமானது. நடுவில் சில நாள் கொட்டாவி முடியாது என்று சொல்லிப் பார்த்தது. மொத்தக் கூட்டமும் கண்ணாடியில் வாயை வைத்து டொக் டொக்கென்று முட்டியது. மறுப்பதும் ஒரு வேலைதான். பொத்தானை அமுக்குவது அதைவிடச் சின்ன வேலையாகப் பட்டது. அமுக்கிவிட்டுச் சுவரோரம் சுருண்டுகொண்டது.

நாளாக ஆகப் பெட்டியின் சத்தம் முனகலானது. குமிழியும் நூலாக இளைத்தது. பேட்டரி தீர்கிறது என்று கொட்டாவி எடுத்துச் சொன்னது. இன்னும் கொஞ்சம் பலமாக அமுக்கு என்றது பவளம். பிறகு ஒருநாள் பெட்டி ஒரேயடியாக நின்றுவிட்டது. பவளம் கூழாங்கல்லை உருட்டுகிற வேறொரு விளையாட்டுக்குப் போய்விட்டது. கொட்டாவிக்கும் நிம்மதி. இனிமேல் மத்தியானம் தூங்கலாம். அதற்கு மேல் அதுவும் யோசிக்கவில்லை.

ஐப்பசி மழையோடு காற்று வந்தது. காலையில் தெருமுனைக் கம்பம் சாய்ந்தது, கரண்ட் போனது. மோட்டார் நின்றது. பெட்டியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. சிவசைலமும் மரகதமும் கூடத்திலேயே உட்கார்ந்து மகளுக்கு வந்திருந்த வரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தொட்டிப் பக்கம் திரும்பவேயில்லை. அதுதான் தானாக ஓடுமே!

முதலில் பவளம் பதறிக் கூட்டத்தையே விரட்டி விரட்டி ஓட வைத்தது. அந்த ஓட்டத்தில் தண்ணீரில் மிச்சமிருந்த காற்றும் சீக்கிரம் தீர்ந்தது. மத்தியானத்துக்குள் எல்லா மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"கொட்டாவி, மூச்சு முட்டுது. அந்தப் பொத்தானை அமுக்கேன்" என்றது பவளம். குரலில் பழைய அதிகாரம் இல்லை.

கொட்டாவி அமுக்கியது. மறுபடியும் அமுக்கியது. செத்த பேட்டரி எப்படி ஓடும்? கொட்டாவிக்கு எங்கேயாவது இருட்டு மூலைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் ஒவ்வொரு மத்தியானமும் அந்தப் பொத்தானை அமுக்கிய கால் தன்னுடைய கால்தானே என்ற நினைப்பு விடவில்லை. மனசு குறுகுறுத்தது.

வீட்டாரையாவது கூப்பிடலாம் என்று தொண்டையைத் திறந்து கத்தியது. அந்த நேரம் பார்த்து மரகதம் மாப்பிள்ளை நல்ல குணம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உடனே விரலை மடக்கித் தரையில் தட்டினாள்.

"பாத்தீயளா, பல்லி சொல்லிட்டு! இந்த இடம்தான் அமையும்."

கொட்டாவி தொட்டிக்கு நேர் மேலே ஓடிப்போய் நின்று கத்தியது. அப்போதாவது தொட்டியைப் பார்ப்பார்கள் என்று நினைத்தது. சிவசைலம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பல்லி கிழக்கிலிருந்து சொல்கிறது, மாப்பிள்ளை வீடும் கிழக்கேதான் என்று சந்தோஷப்பட்டார். அது தொண்டை கிழியக் கத்தக் கத்தக் கல்யாணம்தான் நெருங்கிக்கொண்டே வந்தது.

கீழே ஒரு குட்டி மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. பவளத்தின் செவுள் எப்போதோ ஒருதரம்தான் அசைந்தது.

இந்த மனிதர்கள் பல்லி சொன்னால் கேட்கமாட்டார்கள். ஆனால் பல்லி விழுந்தால்? போன மாசம் இன்னொரு பல்லி பால் பாத்திரத்தில் விழுந்தது. விஷம் விஷம் என்று அலறி, அத்தனை பாலையும் சாக்கடையில் கொட்டினார்கள். கொட்டாவிக்கு அது ஞாபகம் வந்தது. நீந்தத் தெரியாதே என்று பயமாகவும் இருந்தது. கத்துவதற்கோ இனிமேல் தெம்பில்லை. சுவரைப் பிடித்திருந்த கால்களை விட்டது. தொட்டிக்குள் பொத்தென்று விழுந்தது.

"ஏங்க, தொட்டிக்குள்ள பல்லி விழுந்துட்டு!"

வீடே எழுந்து ஓடிவந்தது. மரகதம் விளக்குமாற்றால் கொட்டாவியை வாரி வெளியே எறிந்தாள். கூடவே ஓர் அடியும் விழுந்தது. வால் அறுந்து தரையில் தனியாகத் துள்ளியது. கொட்டாவி அலமாரிக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது.

"வெசத் தண்ணியில கெடந்து எப்படி வாயைப் பொளக்குது பாருங்க" என்று மரகதம் கலங்கினாள். சிவசைலம் மழையில் நனைந்துகொண்டே கிணற்றுத் தண்ணீர் இறைத்து வந்தார். மீன்களையெல்லாம் அகன்ற அண்டாவுக்கு மாற்றி, மேலேயிருந்து செம்பு செம்பாகத் தண்ணீரை ஊற்றினார்கள். ஊற்ற ஊற்றக் குமிழி கிளம்பியது. சாய்ந்து கிடந்த குட்டி மீன் நிமிர்ந்தது. பவளம் அடிக்குப் போய் நீளமாக ஒரு மூச்சு விட்டது.

பெட்டி ஓடவில்லை என்பதைச் சிவசைலம் அதற்குப் பிறகுதான் கவனித்தார். பழைய பேட்டரியைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டினார். நல்ல காரியம் பேசும்போது பல்லி தண்ணீரில் விழலாமா என்று கிழக்கு மாப்பிள்ளையும் வேண்டாம் என்றாகிவிட்டது.

கரண்ட் வந்தது. தொட்டி நிறைந்தது. பெட்டிக்குப் புது பேட்டரியும் வந்தது. வாலில்லாத கொட்டாவி பழைய இடத்தில் தொங்கிக்கொண்டு கண்ணை மூடியது. மரகதம் கண்ணயர்ந்த நேரம், கண்ணாடியில் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

"கொட்டாவி, முழிச்சிருக்கியா? புது பேட்டரி போட்டிருக்காவ. ஒரே ஒரு தடவை அமுக்கேன்."

கொட்டாவி கண்ணைத் திறந்தது. வால் இருந்த இடம் விண்ணென்று வலித்தது.

"முடியாது."

"எங்க விளக்குலதான நீ..."

"முடியாதுன்னா முடியாது."

காபி நேரம்வரை மீன்கள் கண்ணாடியில் டொக் டொக்கென்று முட்டிக்கொண்டேயிருந்தன. கொட்டாவிக்கு அன்றைக்குத் தூக்கமில்லை. ஆனாலும் அது பொத்தான் பக்கம் போகவில்லை.

ஆபத்துக்கு வைத்ததை ஆசைக்குக் கேட்பவர்களிடம் முதல் நாளே முடியாது என்று சொல்லிவிட வேண்டும். அலுப்புக்காகச் சரி என்று சொன்னால், பின்னால் அதற்கு வாலையே விலையாகக் கொடுக்க நேரும்.