முத்திருளாயி தன் எண்ணெயைத் திரும்பக் கேட்ட கதை

மூன்று பக்கம் கடல் காவல் நிற்க, நாலாவது பக்கம் மட்டும் மதில் கட்டிக்கொண்ட ஆழித்துறை நாட்டை, முன்னொரு காலத்தில் உத்தமசீலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். தங்கமான மனசு. ஆனால் கடைசியாகக் காதில் பேசியவர் சொன்னதுதான் அவனுக்கு வேதம்.

அந்தக் காதருகிலேயே இருந்தவர் சுகந்தராயர். அரண்மனைக்கு ஜவ்வாதும் பன்னீரும் கூட்டித் தருகிறவர். அவருக்கு ஒரு மனக்குறை. கடற்கரையில் மீனெண்ணெய் காய்ச்சும் முத்திருளாயிக்கு ஆண்டுதோறும் அரண்மனையிலிருந்து பட்டுச்சேலை போகும். காலமான ராஜமாதா தொடங்கிவைத்த வழக்கம். ஏன் என்று கேட்காமலே மகனும் தொடர்ந்தான். மணக்க மணக்க உழைக்கிற தனக்கு வெற்றிலை பாக்கு, நாறுகிறவளுக்குப் பட்டா என்று ராயர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் அரண்மனையில் விருந்து. காற்று திரும்பி, மத்தி வாடையும் சுறா ஈரல் வாடையும் சேர்ந்து உள்ளே நுழைந்தன. அயல்நாட்டுத் தூதர் பாதி இலையில் எழுந்துவிட்டார். ராயர் ராஜாவின் காதருகே குனிந்தார். அவ்வளவுதான். முத்திருளாயியும் அவளோடு எண்ணெய் காய்ச்சும் நாற்பது குடும்பங்களும் மூன்று நாளில் எல்லை தாண்ட வேண்டும் என்று ஆணை பிறந்தது.

ஆணை முத்திருளாயியின் கொப்பரையடிக்கு வந்து சேர்ந்தது. கடலே இல்லாத ஊரில் போய் எந்த மீனைக் காய்ச்சுவது? நாற்பது வீட்டாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். பகல் முழுக்கக் கொப்பரையோரம் உட்கார்ந்து யோசித்தவள், மறுநாள் காலிக் குடமும் கந்தல் துணியுமாய் அரசவைக்குப் போனாள்.

அந்த நாட்டில் ஒரு பழைய சட்டம் உண்டு. நாடு கடத்தப்படுகிறவர் தம் கையால் செய்த பொருளைக் கூடவே கொண்டுபோகலாம்; யாரும் தடுக்கக் கூடாது. தான் காய்ச்சிய எண்ணெயை எடுத்துப்போக உத்தரவு கேட்டாள்.

“ஒரு சொட்டு விடாமல் எடுத்துப் போ” என்று முந்திக்கொண்டார் ராயர். ராஜாவும் தலையசைத்தான்.

முத்திருளாயி நேரே லாயத்துக்குப் போனாள். தோல் வெடிக்காமலிருக்க மீனெண்ணெய் ஊட்டிய சேணங்களையும் கடிவாளங்களையும் மூட்டை கட்டினாள். துறைமுகத்தில், பலகை உளுத்துப்போகாமலிருக்க ராஜாவின் கப்பலுக்குப் பூசியதும் அவள் எண்ணெய்தான். சுரண்டித் தருகிறீர்களா, கப்பலோடு கொண்டுபோகட்டுமா என்று மாலுமியிடம் மரியாதையாகக் கேட்டாள். கலங்கரை விளக்கில் இருந்ததைக் குடத்தில் ஊற்றிக்கொண்டாள். ஆயுதசாலையில், துருப்பிடிக்காமலிருக்க வாள்களில் தடவியிருந்ததைத் துணியால் துடைத்தெடுத்தாள். அந்தப்புரத்துச் சேலைகளை வெளுத்த சவுக்காரமும் மீனெண்ணெயில் செய்ததே. ஆனால் நுரை ஆற்றோடு போய்விட்டதால் அதை மட்டும் பெருந்தன்மையாக விட்டுவிட்டாள்.

உச்சிப்பொழுதுக்குள் லாயக்காரரும் மாலுமியும் ஆயுதசாலைத் தலைவரும் அரசவைக்கு ஓடிவந்து முறையிட்டார்கள். ராஜா அவளை வரவழைத்தான். மூட்டையோடு வந்தவள், ராயரின் காலைப் பார்த்தாள். அந்த மெத்தென்ற தோல் செருப்பும் தன் எண்ணெயில் ஊறியதுதான் என்றாள். ராயர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றார். சேனாதிபதி சிரிப்பை மறைக்க விதானத்துச் சித்திரங்களை எண்ணத் தொடங்கினார்.

“எல்லாம் எடுத்தாயிற்றா?” என்றான் ராஜா.

“இன்னும் ஒண்ணு இருக்கு மகாராசா. அதை எடுக்கத்தான் வழி தெரியலை. அப்போ உங்களுக்கு அஞ்சு வயசு. பொழுது சாய்ஞ்சா பெத்தவ முகமே தெரியாம தூணுல முட்டிக்குவீங்க. மாலைக்கண். ராஜமாதா முக்காடு போட்டுக்கிட்டு என் கொப்பரையைத் தேடி வந்தாங்க. மூணு மாசம் சுறா ஈரல் எண்ணெய் கொடுத்தேன். அது உங்க கண்ணுக்குள்ள இருக்கு. துணி போட்டுத் துடைக்க முடியுமா? அதனால உங்களையே கூட்டிக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

அரண்மனை வைத்தியர் மெல்ல எழுந்து, அத்தனையும் உண்மை என்றார். கண் மங்கிய பிள்ளைகளுக்கும் எலும்பு வளைந்த பிள்ளைகளுக்கும் இன்றுவரை தான் கொடுப்பதும் அதுவே, ராயரின் கேலிக்குப் பயந்து பெயரைச் சொல்வதில்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

ராஜாவின் கண் கலங்கியது. “அம்மா ஏன் சேலை அனுப்பினாள் என்று ஒரு நாளும் கேட்காமல் இருந்துவிட்டேனே” என்றான். சிங்காசனத்தைவிட்டு இறங்கி, அவள் மூட்டையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டான். “கூட்டிப் போகிறேன் என்றாயே, நட.”

கடற்கரையில் நாற்பது குடும்பங்களின் முன்னால் ஆணையைத் தன் கையாலேயே கிழித்தான். வாடை கடலோடு போகும் தென்முனையில் புதிய கொட்டகைகள் கட்டித்தரச் சொன்னான். ராயருக்கும் ஒரு வேலை கொடுத்தான்: நோஞ்சான் பிள்ளைகளுக்குத் தினமும் காலையில் அந்த எண்ணெயை அவரே புகட்ட வேண்டும்.

ராயர் ஏலக்காய் கலந்தார், கருப்பட்டி கலந்தார், பன்னீர்கூடக் கலந்து பார்த்தார். பிள்ளைகள் அவர் பட்டு அங்கவஸ்திரத்திலேயே துப்பின. நாலாம் நாள், தலை குனிந்தபடி கொப்பரையடிக்கு வந்து நின்றார்.

“வாயையே திறக்க மாட்டேன் என்கிறார்களம்மா. என்ன செய்வது?”

முத்திருளாயி துடுப்பால் கிண்டிக்கொண்டே சொன்னாள்: “மூக்கைப் பிடிச்சா வாய் தானாத் திறக்கும், ஐயா. உங்க ராஜாவுக்கும் அப்படித்தான் ஊத்தினேன். போய் அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”