இலந்தைத் திட்டும் கரடியின் விண்ணப்பமும்

ஒரு பெரிய ஏரி. அதன் தென்கரைக் காட்டைக் கரடி ஆண்டது. ஏரியின் நடுவே இருந்த திட்டில் முயல்களும் ஒரு முள்ளம்பன்றியும் வாழ்ந்தன. எப்போதோ ஒருநாள் கரடி அங்கே நீந்திப் போய், "இதுவும் என்னுடையது" என்று சொல்லிவிட்டது. அவ்வளவுதான், திட்டு கரடியுடையதாகிவிட்டது.

கரடிக்கு இலந்தைப்பழம் என்றால் உயிர். அதனால் திட்டிலிருந்த கிழங்குக் கொடிகளைப் பிடுங்கிவிட்டு, எங்கும் இலந்தையே வைக்கச் சொன்னது. பழமெல்லாம் தென்கரைக்குப் போகும். பதிலுக்குக் கரடி கிழங்கு அனுப்பும். அந்தக் கிழங்கை நம்பித்தான் திட்டில் மழைக்காலத்தை ஓட்டினார்கள்.

வடகரையில் யானையும் காட்டெருமையும் மானும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தன. ஒருவர் காட்டில் விளைவதை மற்றவர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். வெளியார் பொருளை மட்டும் உள்ளே விடக் கூடாது. அவர்களுடைய தேன்கூடுகளைப் பார்த்துக் கரடிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி விண்ணப்பித்தது.

செய்தி சொல்லக் கரடியின் தூதரான நாரை திட்டுக்கு வந்தது. கவலை வேண்டாம், எல்லாம் முன்போலவே நடக்கும், அரசர் உங்களை மறக்கவே மாட்டார் என்று இனிக்க இனிக்கப் பேசியது. முயல்கள் தலையாட்டின. கேட்காமலே இவ்வளவு ஆறுதல் எதற்கு என்று முள்ளம்பன்றிக்கு மட்டும் உறுத்தியது.

"ஐயா, அரசர் கூட்டமைப்புக்கு உள்ளே போய்விடுவார். நாங்கள் உள்ளேயா, வெளியேயா?"

"நீங்கள் அரசரின் நிழலில் இருப்பீர்கள்."

"நிழல் இருக்கட்டும். எங்கள் இலந்தை உள்ளே போகுமா?"

நாரை ஒற்றைக் காலை மாற்றி ஊன்றிக்கொண்டது. அதையெல்லாம் பெரியவர்கள் பேசி முடிவு செய்வார்கள் என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டது.

முள்ளம்பன்றி அன்றே இலந்தைச் செடிகளில் பாதியைத் தோண்டி எறிந்துவிட்டுக் கிழங்கு நட ஆரம்பித்தது. அரசர் மேலேயே சந்தேகமா என்று முயல்கள் கடிந்துகொண்டன. ஆனாலும் அந்தச் சந்தேகம் அவற்றையும் தொற்றிக்கொண்டது. ஒவ்வொன்றாக வந்து அவையும் மண்ணைப் பறித்தன.

மழை தொடங்கும் முன் வடகரையிலிருந்து பதில் வந்தது. யானை மறுத்துவிட்டது. அது சொன்ன காரணம் ஏரி முழுக்கப் பரவியது.

"எங்களோடு சேர்வதற்காகத் திட்டுக்காரர்களை இன்றே விட்டுவிடுகிறேன் என்று நீயாகவே சொன்னாய். நாளைக்கு எங்களை யாருக்காக விடுவாய்?"

கரடி நேராகத் திட்டுக்கு நீந்தி வந்தது. முகமெல்லாம் அன்பு. "பார்த்தீர்களா பிள்ளைகளே, நான் உங்களை விட்டுப் போகவில்லை. எங்கே என் பழம்?"

"நீங்களாக நின்றுவிடவில்லை, அரசே. அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை" என்றது முள்ளம்பன்றி. "மழைக்கு எங்கள் கிழங்கு போதும். பழம் வேண்டுமானால் இனிமேல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்."

கரடி முயல்களைப் பார்த்தது. இந்த முறை ஒரு முயலும் தலையாட்டவில்லை.

கைவிடப் போய் முடியாமல் திரும்பி வந்தவனை, கைவிடாதவன் என்று நம்பிவிடக் கூடாது.