பதினேழு மீட்டர், இருபத்திரண்டு நிமிடம்

விடையைக் கடைசியில் நானே சொல்கிறேன். அதற்குள் முந்திரிக்கொட்டை மாதிரி முந்தாமல், தவசிக்கனி மாட்டிக்கொண்டு முழித்த கதையை முழுசாகக் கேளுங்கள்.

தவசிக்கனி தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கடலில் முக்குளிப்பவர்களுக்கென்று ஜப்பான்காரன் அந்தக் காலத்தில் செய்த டிஜிட்டல் வாட்ச் என்றால் அவருக்குப் பைத்தியம். நாற்பத்தொன்று சேர்த்துவிட்டார். அதில் ஏழெட்டு, சங்கு குளிக்கும் படகில், கடலுக்குள் இறங்குபவரின் இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே பிடித்திருக்கும் தொம்மை தேடிப் பிடித்துக் கொடுத்தவை. இருவரும் கூட்டாளிகள் என்பது ஊருக்கே தெரியும்.

போன மாதம் தொம்மை போன படகிலிருந்து, முதுகில் காற்று சிலிண்டரோடு சங்கு குளிக்க இறங்கிய மரிசலின் பிணமாக மேலே வந்தான். படகில் போனது அவர்கள் இருவர்தான்.

"கயிறு ஆடவே இல்ல. இருபது நிமிசம் தாண்டுனதும் பயந்துபோய் நானாத்தான் இழுத்தேன்" என்றான் தொம்மை. ஊர் நம்பவில்லை. கீழே இருந்தவன் தூக்கச் சொல்லிக் கயிற்றை ஆட்டியும், இவன் செல்போனைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் விட்டுவிட்டான் என்றது. ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். பழி நின்றால் இனி எந்தப் படகிலும் அவன் கால் வைக்க முடியாது.

மரிசலினின் மனைவி ஜெசிந்தா, அவன் கையில் கிடந்த வாட்ச்சோடு தவசிக்கனியிடம் வந்தாள். கடைசியாக எவ்வளவு ஆழம் போனது, எத்தனை நிமிடம் நீருக்குள் இருந்தது என்று குறித்துவைக்கும் பழைய ரகம் அது.

"அண்ணாச்சி, இதைப் படிக்கத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான். கூட்டத்துல எல்லாருக்கும் காட்டிச் சொல்லுங்க. அவரு கயித்தை ஆட்டி ஆட்டிச் செத்தாரான்னு எனக்குத் தெரியணும்."

"காட்டுறேன் தாயி" என்று வாக்குக் கொடுத்தார்.

அவள் போனதும் பொத்தானை அழுத்தினார். பதினேழு மீட்டர், இருபத்திரண்டு நிமிடம். தொம்மை சொன்னது உண்மை! சந்தோஷத்தில் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. எந்த வாட்ச் கைக்கு வந்தாலும் இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கி, திரையில் எண்களின் கோடுகள் எல்லாம் ஒழுங்காக வருகின்றனவா என்று பார்ப்பது சேகரிப்பவர்களின் கைப்பழக்கம். விரல் தன்பாட்டுக்கு அதையும் செய்துவிட்டது. கோடுகள் எல்லாம் வந்தன. விரலை எடுத்துப் பார்த்தால், ஆழம் பூஜ்யம், நேரம் பூஜ்யம். இந்த ரகத்தில் அப்படி அமுக்கினால் குறிப்பு அழிந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். அட மனுஷா, அதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுக்கவாவது புத்தி வந்ததா?

நடந்ததைச் சொன்னால், கூட்டாளிக்காகப் புளுகுகிறார், வேண்டுமென்றே அழித்துவிட்டார் என்பார்கள். வாயை மூடிக்கொண்டால் தொம்மை தொலைந்தான். நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஊரைவிட்டே ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தார். ஓடி எங்கே போக?

சனிக்கிழமை மத்தியானம் அழுத்தச் சட்டி கண்ணில் பட்டது. வாட்ச்சுக்குள் தண்ணீர் புகுமா என்று சோதிக்க வைத்திருப்பது. தண்ணீர் ஊற்றி, மூடி, கையால் பம்பு அடித்தால் உள்ளே இருக்கும் வாட்ச் கடலுக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். தேதியைப் பின்னுக்குத் தள்ளி, பதினேழு மீட்டருக்கு அழுத்தி, இருபத்திரண்டு நிமிடம் காத்திருந்தால் போதும். அழிந்த குறிப்பு அப்படியே திரும்பி வந்துவிடும்.

வாட்ச்சை உள்ளே வைத்து மூடினார். "உள்ளதைத்தானே வைக்கப்போறேன்? இதுல என்ன பொய்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பம்பில் வைத்த கை அடிக்கவும் மாட்டேன் என்றது, விலகவும் மாட்டேன் என்றது.

வாசலில் தொம்மையின் குரல் கேட்டது. "அண்ணாச்சி, வாட்ச் என்ன சொல்லுது?"

இப்போது நீங்கள் சொல்லுங்கள். தவசிக்கனி பம்பை அடிப்பதா, அழித்ததை ஊர் முன்னால் ஒப்புக்கொள்வதா? எது சரி?

விடை: அடிக்கக் கூடாது. சட்டிக்குள் பிறக்கும் எண் தவசிக்கனியின் பேச்சு, வாட்ச்சின் பேச்சல்ல. அப்படியானால் தொம்மையின் கதி? தவசிக்கனி அந்தச் சட்டியையும் கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். தன்னுடைய வாட்ச் ஒன்றை உள்ளே வைத்து, நினைத்த எண்ணை எல்லார் கண்ணெதிரிலும் வரவழைத்துக் காட்டவேண்டும். பிறகு, "இப்படி நான் செஞ்சிருக்கலாம், செய்யல. நான் பார்த்தது இருபத்திரண்டு. அழிச்சதும் நான்தான்" என்று சொல்லவேண்டும். கூட்டாளிக்காகப் பொய் சொல்ல வந்தவன் எண்ணோடு வந்திருப்பான், வெறும் பூஜ்யத்தோடு வந்து நிற்கமாட்டான். பாதி ஊர் அப்போதும் நம்பாது. இனி யாரும் அவர் கையில் ஒரு வாட்ச்சைக் கொடுக்கவும் மாட்டார்கள். ஆனால் ஜெசிந்தா நம்புவாள். இவ்வளவு அவமானத்தை ஒருவன் பொய்க்காகத் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ள மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும்.